இருபது புள்ளி ஒம்பது

மூச்சு விடறதுக்கெல்லாம் ஒரு மெஷினா மேடம்னு கேட்டாருங்க எங்க பேக்டரி மேனேஜர். ஆக்சிஜன் மீட்டர் ஒண்ணு வாங்கோணும்னு மூணாவது தடவையா நான் எழுதிக் குடுத்த அன்னிக்கு. கேட்டுப்போட்டு, பக்கத்துல நின்ன ஆளுகளைப் பாத்துச் சிரிச்சாரு. அவுங்களும் கூடச் சேந்து சிரிச்சாங்க. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு மேசை மேல இருந்த டீயை அந்தப் பேப்பர் மேலயே கவுத்திருப்பேன். கவுக்கல. மாசச் சம்பளக்காரி கோவம் வந்தாலும் டீயைக் குடிச்சுப்போட்டு வேலையப் பாக்கத்தான் போகோணும், வேறென்ன பண்றது.

பெருமாநல்லூருக்கு அக்கட்டால இருக்கற ஒரு சாயப்பட்டறைலதான் எனக்கு வேலை. பனியன் துணிக்குச் சாயம் ஏத்தி முடிச்சு வெளிய வர்ற கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ற பிளாண்டு எம் பொறுப்பு. தண்ணியச் சோதிக்கறது, அங்க இருக்கற மீட்டருகள ஒழுங்கா எண்ணு காட்ட வெக்கறது, அவ்வளவுதான். பாலிடெக்னிக்குல இன்ஸ்ட்ருமெண்டேசன் படிச்சவ நான். மீட்டர் பொய் சொன்னா எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். மனுசன் பொய் சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன்.

அந்தப் பிளாண்டுல மொதல்ல வர்றது ஒரு நெலத்தடித் தொட்டி. பன்னண்டடி ஆழம். மேல கான்கிரீட் போட்டு, ஒரு ஆள் எறங்கற அளவுக்கு வாய், அதுக்கு ஒரு இரும்பு மூடி. சாயத்தண்ணி முழுக்க அங்கதான் வந்து விழும். தண்ணியோட துணிப்பஞ்சும் நூலும் சேந்து வந்து, அடியில பம்பு தண்ணி உறிஞ்சற வாயி, அந்தப் புட்வால்வுல சடையாட்டச் சுத்திக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கொருக்கா தண்ணிய எறச்சுப்போட்டு ஒரு ஆள் உள்ள எறங்கி அந்தச் சடையை அறுத்து எடுக்கோணும். அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தாரு. அவருக்காகத்தான் நான் அந்த மீட்டரைக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போனது.

அவரு தூத்துக்குடிப் பக்கத்துக் கடக்கரைக்காரரு. நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்புடுவோம். வயசு அம்பதுக்கு மேல. எளவயசுல கடலுக்குள்ள முங்கிச் சங்கு எடுத்தவரு. ஒரு காதுச் சவ்வு ஓட்டை விழுந்து கேக்காமப் போனதுக்கப்பறம் சங்குத் தொழிலை விட்டுப்போட்டு, பொண்ணுக ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்கு வந்தப்ப கூடவே வந்துட்டாரு. தொட்டியில எறங்க ஆள் வேணும்னதும் எல்லாரும் அவரைத்தான் பாத்தாங்க. கடலுக்குள்ளயே எறங்குனவருக்கு இந்தத் தொட்டி என்ன பெருசுன்னு. அவருக்கும் அதுல ஒரு பெருமை இருந்துச்சு. அதையும் சொல்லோணுமில்ல.

மேனேஜருக்கு மூளைக்குள்ள ஏறாதது அண்ணாச்சிக்காவது ஏறட்டும்னு நான் எத்தனையோ தடவை உக்காத்தி வெச்சுச் சொல்லிருக்கேன். நாம உள்ள இழுக்கற காத்துல நூத்துக்கு இருபது புள்ளி ஒம்பது பங்குதான் ஆக்சிஜன். மூடிக் கெடக்கற தொட்டிக்குள்ள அழுகுற தண்ணியில இருக்கற புழுபூச்சி அதைத் தின்னு தீத்துரும். பத்தொம்பதரைக்கு எறங்குனா மீட்டர் கத்தும். பத்துக்கு எறங்குனா மயக்கம். ஆறுக்கு வந்துட்டா ரெண்டு மூச்சுல காலு மடங்கீரும். காத்து இருக்கறாப்பலயே இருக்கும், மூச்சு வாங்குறாப்பலயே இருக்கும், ஆனா உள்ள போறதுல ஒண்ணும் இருக்காது.

அவரு வெத்தலைக் கறை பல்லைக் காட்டிச் சிரிப்பாரு. ரெண்டு நிமிசம் மூச்சடக்கி முங்கி எந்திரிச்சவரு அவரு. மூச்சு பத்தலைன்னா நெஞ்சு முட்டும், முட்டுனா மேல வந்துருவேன், எனக்குத் தெரியாததா தாயிம்பாரு. அங்கதானுங்க அவரு தப்புப் பண்ணுனது. கடல்ல மூச்சடக்குனா நெஞ்சுக்குள்ள கெட்ட காத்து சேரும், அதுதான் போட்டு முட்டும். தொட்டியில மூச்சை அடக்கறதில்லையே, விட்டுட்டுத்தான இருக்கோம். கெட்ட காத்து வெளிய போயிட்டே இருக்கும், நெஞ்சு முட்டவே முட்டாது. எச்சரிக்கை கடுதாசி ஒண்ணும் வராது, நேரா மயக்கந்தான். இதைச் சொன்னா, படிச்ச புள்ள நல்லாக் கதை சொல்லுதுன்னு பக்கத்து ஆளுகிட்டச் சொல்லுவாரு.

ஆனா ஒண்ணு. சங்குக்கு முங்கும்போது இடுப்புல கயிறு கட்டி, மேல தோணியில ஒருத்தர் அதைப் புடிச்சிட்டே இருப்பாராமா. அந்தப் பழக்கத்தை மட்டும் அவரு விடவேயில்ல. முழங்கால் ஆழக் குழியில எறங்குனாலும் நெஞ்சோட சேத்துக் கயிறு கட்டித்தான் எறங்குவாரு. அதையும் ஆளுக கிண்டல் பண்ணுவாங்க, எருமையைக் கட்டுறாப்பல கட்டிக்கறாருன்னு.

கடைசில மீட்டர் வந்துச்சு. நான் கேட்டதுக்கு வரல. வெளிநாட்டுக்காரங்க ஆடிட் வர்றாங்கன்னு வந்துச்சு. துணி வாங்கறவங்க வந்து, தொட்டியில ஆள் எறங்கறப்ப காத்தை எப்புடிச் சோதிக்கறீங்கன்னு கேப்பாங்களாமா. எட்டு மாசம் நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனதுக்கு வராத மீட்டர், ஒரு கேள்வி வருதுன்னதும் மூணே நாள்ல கொரியர்ல வந்து எறங்குது. ஆடிட் முடிஞ்சதும் அதை எடுத்து அவரு கேபின்ல கண்ணாடி பீரோவுக்குள்ள, சுழற்கோப்பைக்குப் பக்கத்துல வெச்சுப் பூட்டிட்டாரு மேனேஜர். வந்த பிளாஸ்டிக் கவரைக்கூட வீசல, எப்ப எடுத்தாலும் திருப்பி அதுக்குள்ளதான் போடோணும். இல்லீன்னா பழசாயிருமாமா.

தெனமும் காத்தால சாவி வாங்கி அதை வெளிய எடுத்துச் சோதிச்சு வெக்கறது நாந்தான். அதுக்குள்ள இருக்கற சென்சார் ஒரு குட்டி பேட்டரியாட்டத்தானுங்க. ஆக்சிஜன் பட்டா அதுல கரண்டு உண்டாகும், அந்தக் கரண்டை அளந்து எண்ணாக் காட்டும். மீட்டரோட மூஞ்சியில, எண்ணு தெரியற கண்ணாடிக்குக் கீழ, காலணா அகலத்துக்கு ஒரு சல்லடை இருக்கும். அது வழியாத்தான் காத்து உள்ள போகோணும். அது உசுரோட இருக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலுவான வழி இருக்குது. வாய்க்குப் பக்கத்துல வெச்சு நெடுசா மூச்சை விடோணும். நம்ம வாய்க்காத்துல ஆக்சிஜன் கம்மி. பத்துப் பதினஞ்சு எண்றதுக்குள்ள எண்ணு மடமடன்னு எறங்கி மீட்டர் வீல்னு கத்தும். கத்துனா நல்ல மீட்டர். நான் தெனமும் அதை வாய்கிட்டக் கொண்டு போறதப் பாத்துட்டு, மேடம் பொட்டிக்கு முத்தம் குடுக்கறாங்கன்னு சாயம் போடற ஆளுக சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

ஆயுத பூசை வந்துச்சு. எங்க பக்கம் ஆயுத பூசைன்னா உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நிட்டிங் மெஷின்ல இருந்து கத்திரிக்கோல் வரைக்கும் தொடச்சு, கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை பிரிச்சுக் குடுத்து, பூசணிக்காய் ஒடச்சாத்தான் மனசு ஆறும். சாய மெஷினு, பாய்லரு, பம்பு எல்லாத்துக்கும் ஆளுக வெச்சாங்க. லேப்ல இருக்கறதுக்கு நாந்தான் வெச்சேன். தராசு, அடுப்பு, கண்ணாடிக் குடுவை ஒண்ணு விடல. அன்னிக்குப் பட்டுச்சேலை வேற கட்டியிருந்தேன். பூசை முடிஞ்சதும் மடத்துக்குளத்துல அம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறியாச்சு. பேக்டரிக்கு நோம்பி லீவு நாலு நாளு. எனக்கு இன்னும் ஒரு நாள் சேத்து அஞ்சு.

நாலு நாளா ஒரு சாயத்தொட்டி மூடிக் கெடந்தா உள்ள என்ன நடக்கும்னு நெனச்சுப் பாருங்க. தண்ணி வர்றதில்ல, போறதில்ல, கெளர்றதில்ல. இருக்கறதெல்லாம் அழுகி, இருந்த காத்தையெல்லாம் தின்னு முடிச்சிருக்கும். வருசத்துல அந்தத் தொட்டியைத் தொறக்கவே கூடாத நாள் ஒண்ணு உண்டுன்னா, அது ஆயுத பூசை லீவு முடிஞ்ச மறுநாள்தான். எங்க மேனேஜர் அன்னிக்குத்தான் தொறந்தாரு. பம்பைப் போட்டாத் தண்ணி ஏறல, வால்வு அடைச்சுக்கிச்சு. மேடம் நாளைக்கு வந்துருவாங்க சார், காத்திருக்கலாங்களான்னு லேப்ல பாத்தரம் கழுவற அக்கா கேட்டிருக்காங்க. ஒரு நாள் மெஷின் நின்னா ஆருங்க பதில் சொல்றதுன்னு ரொம்பத் தன்மையாக் கேட்டாராமா. எங்கூர்ல ஒருத்தரைக் குழிக்குள்ள எறக்கறதுன்னாலும் மரியாதையாத்தான் எறக்குவாங்க. எறங்குங்க அண்ணாச்சி, கொஞ்சம் பாத்து எறங்குங்க.

நான் அன்னிக்குப் போயிருக்கவே வேண்டியதில்ல. லீவு இன்னும் ஒரு நாள் பாக்கி. பையன் ஸ்கூல் தொறந்துருச்சேன்னு விடியக்காலமே ஊடு வந்துட்டேன். அவனை ஸ்கூல்ல விட்டுப்போட்டு, ஊட்டுல சும்மா ஏன் உக்காந்திருக்கோணும், ஒரு எட்டுப் போயித் தண்ணியப் பாத்துட்டு வரலாம்னு ஸ்கூட்டியை எடுத்தேன்.

போனா தொட்டி வாய்கிட்ட ஆளுக நிக்கறாங்க. மேனேஜர் போன்ல பேசிட்டு நிக்கறாரு. ஒரு பீகார்க்காரரு கயித்தைப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு. மீட்டரு பக்கத்துல ஒரு ஆணியில தொங்குது, சாமந்திப்பூச் சரம் சுத்தி. அண்ணாச்சி எங்கன்னு கேட்டேன். உள்ள எறங்கி அஞ்சு நிமிசம் ஆச்சு, மீட்டரைக் கயித்துல கட்டி எறக்கிப் பாத்துட்டோம், இருபதுக்கு மேலதான் காட்டுச்சு, ஒண்ணும் கவலைப்படாதீங்கன்னாரு மேனேஜர் போனைக் கையில மூடிட்டு.

கையில எடுத்துப் பாத்தேன். இருபது புள்ளி ஒம்பது. கை பழக்கம், வாய்க்குக் கொண்டு போயி மூச்சை விட்டேன். எண்ணு அசையல. இன்னும் நெடுசா விட்டேன். இருபது புள்ளி எட்டு. கத்தல. திருப்பி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, அந்தச் சல்லடை மேல சந்தனம். வெரல் அகலத்துக்கு அப்பி, நடுவுல குங்குமம் வெச்சு, அஞ்சு நாள்ல காஞ்சு ஓடாட்ட இறுகிக் கெடக்குது. அங்கங்க மயிரெழையாட்ட வெடிச்சிருக்கு, அது வழியா ஏதோ கொஞ்சூண்டு காத்து போகும், எப்பவோ போகும். இதைக் கயித்துல கட்டி ஒரு நிமிசம் எறக்கித் தூக்குனா மேல இருந்த காத்தைத்தான் காட்டும். தொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

அந்த நேரத்துல கயிறு புடிச்சிருந்தவரு என்னைப் பாத்து டீலா, டீலான்னாரு. கயிறு தொவண்டு போச்சுன்னு சொல்றாரு. ரெண்டு தடவை சுண்டிப் பாத்திருக்காரு, கீழ இருந்து பதில் சுண்டல் வரல.

உள்ள எட்டிப் பாத்தா அண்ணாச்சி சேத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு, தூங்கறாப்பல. இப்ப என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எங்க பக்கத்துல எத்தனையோ தொட்டியில நடந்ததுதான். ஒருத்தர் விழுந்தா காப்பாத்தறேன்னு ரெண்டாவது ஆளு எறங்குவாரு, அவரை எடுக்க மூணாவது ஆளு. மேனேஜர் அதைத்தான் சொன்னாரு, ஆராச்சும் ஒருத்தர் எறங்கித் தூக்குங்கப்பான்னு. ஒருத்தர் சட்டையைக் கழட்டிட்டு வந்துட்டாரு. நான் தொட்டி வாயை மறிச்சு ரெண்டு காலையும் அகட்டி நின்னுட்டேன். ஆராச்சும் காலை உள்ள வெச்சா அந்தக் காலை ஒடச்சுப்போடுவேன், எல்லாரும் கயித்தைப் புடிங்கன்னேன். என்ற கொரலு எனக்கே தெரியல. அஞ்சாறு பேர் சேந்து இழுத்தாங்க. அந்தக் கயிறு மட்டும் இல்லைன்னா அன்னிக்கு அவரு கதை முடிஞ்சிருக்கும். என்ற மீட்டர் அவரைக் காப்பாத்தல. கிண்டல் பண்ணுன கயிறுதான் காப்பாத்துச்சு.

வெளிய எடுத்துப் போட்டப்ப ஒதடு ரெண்டும் நாவப்பழ நெறத்துல இருந்துச்சு. பீகார்க்காரரு அவரு வாயில வாய வெச்சு ஊதுனாரு. நான் நெஞ்சை அமுக்குனேன். எத்தன நேரம்னு தெரியல. ஒரு இருமல் வந்துச்சு, அப்பறம் ஒரு முக்கல். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போனதுக்கப்பறம்தான் எனக்குக் கோவமே வந்துச்சு. அதுவரைக்கும் பயம் மட்டுந்தான்.

மீட்டரைத் தூக்கிப் புடிச்சிட்டு அத்தனை பேரையும் நிக்க வெச்சு வைதேன். அறிவு இருக்குதா உங்களுக்கெல்லாம், மூச்சுப் பாக்கற மீட்டருக்கே மூக்கை அடைச்சு வெச்சிருக்கீங்களே, எந்தக் கண்ணு அவிஞ்சவன் இந்தச் சந்தனத்தை அப்புனதுன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் தொறக்கல. ஏன் தொறக்கலைன்னு அப்ப எனக்குப் புரியல. பாத்தரம் கழுவற அக்காதான் கிட்ட வந்து, மெதுவா, ஆருக்கும் கேக்காத மாதிரி சொன்னாங்க.

"நீங்கதானுங்க மேடம் வெச்சீங்க."

தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பறம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. பூசை அன்னிக்கு நாந்தான் பீரோச் சாவி வாங்கி எடுத்தாந்தேன். நம்ம மீட்டர் மட்டும் ஏன் விட்டுப் போகோணும்னு. கவர்ல இருந்து எடுத்து, தொடச்சு, தட்டுல வெச்சேன். கண்ணாடி மேல பொட்டு வெச்சா எண்ணு மறையுமேன்னு யோசிச்சேனுங்க. நல்லா யோசிச்சுத்தான் அதுக்குக் கீழ, அந்தச் சல்லடை மேல வெச்சேன். எண்ணு தெரியோணும்னு மூக்கை அடைச்சிருக்கேன். தெனமும் ஊதிப் பாக்கற நான், அன்னிக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஊதாமயே பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். படிச்சவ பண்ற வேலையா இது? கன்னம் கன்னமாப் போட்டுக்கலாம்னு இருந்துச்சு.

லேப்ல போயி உக்காந்து மீட்டரைக் கம்ப்யூட்டர்ல மாட்டினேன். அதுக்குள்ள ஒரு ஞாபகம் இருக்குது. எப்பக் கத்துச்சு, எந்தப் பட்டனை அமுக்குனாங்க, எல்லாத்தையும் மணி போட்டு எழுதி வெச்சுக்கும். அன்னிக்குக் காத்தால ஒம்பது மணி சுமாருக்கு அது சுவிட்ச் போட்டதும் பதினாறரைன்னு காட்டிக் கத்தியிருக்கு. சல்லடை அடைச்சிருந்ததால சென்சாருக்குக் காத்துப் பத்தல, வெட்டவெளியில நின்னும் மூச்சுப் பத்தலைன்னு கத்தியிருக்கு. எனக்குச் சந்தனம் அடைச்சிருக்குன்னு வாய் விட்டுச் சொல்லாட்டியும், என்னை நம்பாதேன்னு அது சொல்லிருச்சு. கத்துன மூணாவது நிமிசம் ஆரோ மீட்டரைத் திருத்தி வெக்கற காத்துப் பட்டனை அமுக்கியிருக்காங்க. நல்ல காத்துல வெச்சு அதை அமுக்குனா, இப்ப இருக்கறதுதான் இருபது புள்ளி ஒம்பதுன்னு மீட்டர் நம்பிக்கும். மறுபடியும் பதினெட்டுக்கு வந்து கத்தியிருக்கு. மறுபடியும் அமுக்கியிருக்காங்க. ரெண்டாவது தடவையோட அது வாயை மூடிக்கிச்சு.

நேரா கேபினுக்குப் போயிக் கேட்டேன். ஆமாங்க மேடம், நாந்தான் அமுக்குனேன், சும்மா சும்மா கத்துச்சு, புக்குல போட்டிருக்கறாப்பல பண்ணுனேன், சரியாயிருச்சேன்னாரு. சிரிச்ச மூஞ்சியாவே சொன்னாரு. சந்தனம் நான் வெச்சது, அதை மறைக்கல. ஆனா அடைச்ச வாயோட அது கத்துச்சே சாமி, கத்துனதை அமுக்கிப்போட்டு ஒரு உசுரை உள்ள எறக்குனது ஆரு? அதை நான் கேட்டப்ப அவரு ஏசி ரிமோட்டைத் தேடிட்டு இருந்தாரு.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க், வெரல்ல ஒரு கிளிப்பு. அதுலயும் ஒரு எண்ணு, தொண்ணூத்தி ரெண்டு. கண்ணு முழிச்சுத்தான் இருந்தாரு. என்னைப் பாத்ததும் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிட்டுப் பேசுனாரு.

"கடல்ல நெஞ்சு அடிச்சுச் சொல்லும் தாயி, மேல போ மேல போன்னு. இதுல ஒண்ணுமே சொல்லல. வால்வைப் புடிச்சேன். அம்புட்டுதான் தெரியும். பயமே வரல பாத்துக்கிடுங்க."

அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. இத்தன வருசம் நம்புன நெஞ்சு அவரை ஏமாத்திப் போட்டுச்சேங்கற துக்கம் அது. நான் சந்தனம் வெச்சதச் சொன்னேன். ஊதிப் பாக்காமப் போனதையும் சொன்னேன். வைவாருன்னு காத்திருந்தேன். வையல. மாஸ்க்கை எறக்கி மாட்டிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு.

வெளிய வராந்தாவுல மேனேஜர் ஒரு பேப்பரோட நின்னாரு. டைப் அடிச்சே கொண்டாந்திருந்தாரு. அண்ணாச்சி ஆருகிட்டயும் சொல்லாமத் தானா எறங்கிட்டாருன்னு அதுல இருந்துச்சு. நான் கையெழுத்துப் போடோணுமாமா. மீட்டர் கோளாறுன்னு போட்டா சந்தனம் ஆரு வெச்சதுன்னு கேள்வி வருமுங்க மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது பாருங்கன்னாரு. என்னமா யோசிச்சு முடிச்சுப் போட்டிருக்காரு பாருங்க. நான் வாயைத் தொறந்தா மொதல்ல மாட்டறது நாந்தான். அதனால நான் வாயைத் தொறக்க மாட்டேன்னு கணக்கு.

பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் வெறுசா இருந்த எடத்துல, பேனாவுல எழுதுனேன். சந்தனம் வெச்சது நான், ஊதிப் பாக்காமப் பூட்டுனதும் நான், கத்துன மீட்டரை ரெண்டு தடவை அமுக்குனது மேனேஜர், எறங்கச் சொன்னதும் அவரேன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு அவரு கையில குடுத்தேன். படிச்சுப்போட்டு, சரிங்க மேடம்னாரு. அந்த ங்க இருக்குதே, அதைக் கேட்டாப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மறுநாள் காத்தால எட்டரைக்குப் போனா, தொட்டிகிட்ட ரெண்டு புது ஆளுக நிக்கறாங்க. கான்ட்ராக்ட்ல கூட்டியாந்தவங்க. தமிழ் தெரியாது. கையில பூட்ஸை வெச்சுக்கிட்டு, அதை இப்பவே மாட்டறதா அப்பறம் மாட்டறதான்னு தெரியாம முழிச்சிட்டு நிக்கறாங்க. வால்வுல சடை அப்புடியேதான் இருக்குது. அண்ணாச்சி ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, இங்க மெஷின் நிக்கக் கூடாது.

மூடியை இன்னும் தொறக்கல. நான் பையை ஓரமா வெச்சுப்போட்டு அந்த இரும்பு மூடி மேல போயி உக்காந்துட்டேன். சேலையெல்லாம் சாயக்கறை. சுத்தி ஆளுக கூடிட்டாங்க. கயிறு புடிச்ச பீகார்க்காரரு வந்து எனக்குப் பக்கத்துல நின்னாரு. புதுசா வந்தவங்ககிட்ட அவுங்க பாசையில என்னமோ சொன்னாரு. அவுங்க பூட்ஸைக் கீழ வெச்சுட்டாங்க.

மேனேஜர் வந்தாரு. கையில அந்த மீட்டரு. சோப்புத்தண்ணியில போட்டுக் கழுவித் தொடச்சு பளபளன்னு கொண்டாந்திருக்காரு. சோப்புத்தண்ணியில போட்டா அந்தச் சென்சார் என்னத்துக்கு ஆகும்? அந்தக் காத்துப் பட்டனையும் மறுபடி அமுக்கியிருப்பாரு. பொட்டுக் குங்குமம் இல்ல, சந்தன வாசம்கூட இல்ல, பாருங்க மேடம், இப்ப எல்லாம் சரியாயிருச்சு, இருபது புள்ளி ஒம்பதுன்னு என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. எந்திரிங்க மேடம், நேரமாகுதுன்னாரு.

"சரியா இருந்தா நீங்க எறங்குங்க சார். நான் எந்திரிச்சுக்கறேன்."

அவரு என்னைப் பாத்தாரு, ஆளுகளைப் பாத்தாரு. அப்பறம், அந்த மீட்டர் வாங்கி வந்த நாள்ல இருந்து மொதத் தடவையா, அதைக் கண்ணுகிட்டக் கொண்டு போயி நல்லாப் பாத்தாரு. அப்பவும் அது இருபது புள்ளி ஒம்பதுதான் காட்டுச்சு. அவரு எறங்கல.